பெஹாலாவில் ஒரு பாய்லரும் பதினாறு நாள் பயமும்

இந்த ஜூலையில் கொல்கத்தா போக எனக்கு விருப்பமே இல்லை. போகாவிட்டால் வேலை இல்லை என்றார்கள், போனேன். நான் பாய்லர் ஆலோசகன். கல்லூரிப் படிகளை மிதித்ததில்லை. பத்தொன்பது வயதில் திருப்பூரில் கரி அள்ளிப் போடத் தொடங்கி, நானாகப் படித்துத் தேறியவன். எனக்கு வேலை தரும் சென்னை நிறுவனம், "உங்களுக்கு மனுஷங்ககிட்ட பேசத் தெரியலை" என்று சொல்லி, அடுத்தவர் உணர்ச்சியைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஒருநாள் வகுப்பு வைத்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாடிக்கையாளர்கள் என்மேல் புகார் சொல்லியிருந்தார்களாம். இரண்டு இடத்திலும் நான் சொன்னதுதான் சரி. அதை யாரும் பேசவில்லை. கொல்கத்தாவில் பெஹாலா என்ற இடத்து ஆலைதான் கடைசி வாய்ப்பு என்றார்கள்.

திங்கட்கிழமை காலை 5.50 விமானம், 8.15க்கு இறங்கினேன். அங்கிருந்து பெஹாலா 27 கிலோமீட்டர். ஆப் கார் 640 ரூபாய், மழையில் ஒன்றே முக்கால் மணி நேரம். சென்னையிலிருந்து வருகிறேன் என்றதும் ஓட்டுநர் இந்தியில் சிரித்தார். "நாங்க எல்லாம் வைத்தியத்துக்கு அங்கே ஓடுறோம். நீங்க எதுக்கு இங்கே வர்றீங்க?"

"பாய்லருக்கு வைத்தியம் பார்க்க."

அதற்குப் பிறகு அன்று நான் சிரிக்கவில்லை.

பனியன் துணிக்குச் சாயம் போடும் சிறிய ஆலை அது. என்னை அழைத்துப்போன ரமணி அங்கே கொள்முதல் அதிகாரி, கொல்கத்தாவிலேயே பிறந்த தமிழர். பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் பெயர் ஹல்தார், ஐம்பது வயதிருக்கும். எப்போதும் செய்வதுபோல நுழைந்ததும் நோட்டை எடுத்து, பெயரைக் கேட்டு முதல் வரியில் எழுதினேன். அவர் முகம் கதவு சாத்தியதுபோல் ஆனது. எதைக் கேட்டாலும் "டீக் ஆச்சே" என்றார், எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

சாமான் தட்டில் கரி படிந்த பொருட்களுக்கு நடுவே பித்தளைத் திருகு ஒன்று மட்டும் பளிச்சென்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டையில் ஈயம் இருக்க வேண்டும். பாய்லரில் தண்ணீர் வற்றினால் ஈயம் உருகி, நீராவி கீழே இறங்கி நெருப்பை அமுக்கும். உருகியிருக்கிறது என்றால் இந்தப் பாய்லர் ஒருமுறை வறண்டு காய்ந்திருக்கிறது. உள்ளே தகடு தொய்ந்திருக்கலாம். வெளியிலிருந்து தெரியாது. எப்போது வேண்டுமானாலும் கிழியலாம்.

"இது எப்ப நடந்தது?"

"ரொம்பப் பழசு ஸார்."

"பொய் சொல்லாதே! பழசுன்னா இதுலயும் கரி படிஞ்சிருக்கும்!" என்று கத்தினேன்.

ரமணி என்னை வெளியே இழுத்தார். "பேர் எழுதாதீங்க ஸார். போன வருஷம் ஒரு கன்சல்டன்ட் இப்படித்தான் மூணு பேர் பேரை எழுதினார். மறுநாளே மூணு பேருக்கும் வேலை போச்சு. ஹல்தார் எப்படி வாயைத் திறப்பார்?"

திருப்பூரில் என்னோடு கரி அள்ளிய ஒருவன் இப்படிக் காய்ந்த பாய்லர் வெடித்துத்தான் போனான். கூரைத் தகரம் பறந்ததைப் பார்த்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே திரும்பிப் போக எனக்கு மனமில்லை. ஆனாலும் போனேன். பெயர் எழுதிய தாளைக் கிழித்து உலையில் போட்டேன். எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில், "எனக்குப் பயமா இருக்கு. இங்கே நிக்கவே பயமா இருக்கு" என்றேன்.

ஹல்தார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஃபிளைட் ஏறி வந்த பெரிய ஆளு, இதுக்குப் பயப்படுறீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்கும்தான் தாதா," என்று என்னை அண்ணனாக்கினார். "பதினாறு நாளா சோறு இறங்கலை."

ஒரு சனிக்கிழமை தண்ணீர் பம்ப் நின்றதை அவர் கவனிக்கவில்லை. திருகு உருகி, நெருப்பு அணைந்தது. ஞாயிறு விடுமுறையில் தனியாக வந்து புதுத் திருகு மாட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தினமும் அந்தப் பாய்லர் முன்னால் நின்றிருக்கிறார்.

இருவருமாக நெருப்பை வெளியே இழுத்தோம். பாய்லர் ஆறட்டும் என்று விட்டோம். முதலாளி கத்தினார். செவ்வாய் மதியம் டார்ச் அடித்துப் பார்த்தபோது உலையின் கூரைத் தகடு உள்ளங்கை அகலத்துக்குத் தொய்ந்திருந்தது. முதலாளியின் கத்தல் நின்றது. அப்புறம் கேட்டார்: "யார் பண்ணது? ரிப்போர்ட்ல பேர் வேணும்."

"பேர் வராது. பம்ப் நின்னா மணி அடிக்க ஏற்பாடு இல்லை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரே ஆள். அது வரும்."

"அப்ப உங்க வேலை முடிஞ்சதுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதீங்க."

முதலாளி என்மேல் மூன்றாவது புகாரை அனுப்பினார். நிறுவனம் அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. தகடு மாற்றுகிறார்கள், ஹல்தார் அங்கேயே இருக்கிறார் என்று ரமணி போனில் சொன்னார். வகுப்பில் சொன்னதைக் கடைப்பிடித்தேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பயந்தேன், பயத்தைச் சொன்னேன்.

இதுபோன்ற வேலைக்குப் போகிறவர்களுக்கு: டாலிகஞ்ச் பக்கம் 1,400 ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைக்கிறது, பெஹாலாவுக்கு ஆட்டோ உண்டு. மழைக்காலத்தில் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பாய்லர் அறைக்குள் போனால் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரிகிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். நெருப்புப் போடுகிறவரிடம் சரியாகத் தூங்குகிறாரா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் வாசலுக்குப் பக்கமாக நில்லுங்கள். ஆனால் பதில் வரும்வரை போய்விடாதீர்கள்.