ஒக்டோபர் வீட்டு ஜெனரல்

வேலைக் காலணியைக் கழற்றும் முன்பே கெர்ட் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, இடுக்கியில் ஒரு கரப்பானை நீட்டுவார். "எழுந்திருங்க ஜெனரல், சாப்பாடு வந்தாச்சு." முள்தாடி வைத்த முழ நீள ஆஸ்திரேலிய ஓணான் ஒற்றைக் கண்ணால் அவரை அளந்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

தென்னாப்பிரிக்காவின் வூஸ்டரில், எங்கள் தெருவில் நாய் இல்லாத வீடு அது ஒன்றுதான். கெர்ட் பேருந்துப் பட்டறையில் பிரேக் பார்ப்பவர்; ஒக்டோபர் என்பது அவர் குடும்பப் பெயர். பெரிய உடம்பு, சின்னக் குரல். பாதிரியாரையே 'நீ' என்பவர், ஓணானுக்கு மட்டும் 'நீங்க' போடுவார். சனிக்கிழமை முற்றத்தில் இறைச்சி சுடும்போது ஜெனரல் அவர் சட்டையில் பதக்கம் போல ஒட்டிக் கிடக்கும். தெருப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். "நாய் கடிக்கும், பூனை பிறாண்டும். இவருக்கு ஒரு பொல்லாப்பும் தெரியாது" என்பார். உண்மைதான், அது யாரையும் கடித்ததில்லை.

மகள் ரோசலின் கைக்குழந்தை டேனாவோடு வந்து தங்கியபோது, பெட்டி பூட்டியே இருக்க வேண்டும் என்றாள். அப்படியே பூட்டினார். ஆனால் அவள் பழ ஆலைக்குப் போயிருக்கும் நேரத்தில், வெதுவெதுப்பான நீரில் ஜெனரலைக் குளிப்பாட்டுவார். சமையலறைத் தொட்டியில்தான். பால் புட்டிகளைக் கழுவுவதும் அதில்தான்.

ஜனவரி வெக்கையில் டேனாவுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் வயிற்றுப்போக்கில் ரத்தம். பக்கத்து வீட்டிலிருந்து நான்தான் காரை எடுத்தேன். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. உச்சிக்குழி உள்வாங்கிக் கிடந்தது.

டாக்டரம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டார், பாலைப் பற்றிக் கேட்டார், வீட்டில் பிராணிகள் உண்டா என்றார். நாயுமில்லை, பூனையுமில்லை என்றாள் ரோசலின். கெர்ட் சுவரோரமாக நின்றார். குழந்தையின் தலையில் ஊசி ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டார்.

"நில்லுங்க டாக்டரம்மா. ஒரு ஓணான் இருக்கு."

"அது பூட்டித்தானேப்பா கெடக்கு?" என்றாள் ரோசலின்.

"நான் வெளிய எடுப்பேன்மா." அவர் குரல் இன்னும் சிறுத்தது. "பாட்டில் கழுவுற தொட்டியிலதான் அதக் குளிப்பாட்டுறேன்."

ஓணானுக்கு ஒரு நோயும் கிடையாது, கொழுகொழுவென்று இருக்கிறது என்றும் சொன்னார். அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. அதன் குடலில் சும்மா கிடக்கும் கிருமி பெரியவர்களுக்கு வயிற்றுவலியோடு போய்விடும், பச்சைக்குழந்தைக்கு ரத்தத்தில் ஏறிவிடும். சோதனை முடிவுக்குக் காத்திராமல் அப்போதே மருந்தை ஏற்றச் சொன்னார். பிறகு ரத்தத்தில் அந்தக் கிருமியே இருந்தது தெரிந்தது.

காய்ச்சல் இறங்கும்வரை கெர்ட் வாசல் பெஞ்சிலேயே கிடந்தார். ரோசலின் அவர் முகத்தைப் பாராமல் தாண்டித் தாண்டிப் போனாள்.

ஜெனரல் இப்போது பட்டறையில் வேலை செய்யும் தனிக்கட்டை ஒருவரிடம் இருக்கிறது. ஓணான் வாங்கலாமா என்று இன்றும் சிலர் கெர்ட்டிடம் கேட்கிறார்கள். "சொல்லாமலே கை கழுவுற வயசுப் புள்ளன்னா வாங்கு. தவழுற புள்ள இருக்கற வீட்டுக்கு வேணாம்."

டேனா வீடு திரும்பிய அன்று நானும் அங்கிருந்தேன். அவள் தவழ்ந்து வந்து, கெர்ட்டின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தூக்கச் சொல்லிச் சிணுங்கினாள். அவர் குனியவில்லை. தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன இரண்டு உள்ளங்கைகளையும் மகள் பக்கம் விரித்துக் காட்டி, அவள் தலையசைக்கும்வரை அப்படியே நின்றார்.