காய்ந்திருந்த பந்து

அன்பான சபையாரே, போன தடவை இதே இடத்தில் நின்று நான் சொன்ன சாட்சி பொய். சொன்னபோது அது பொய் என்று எனக்கே தெரியாது. தெரிந்த பிறகு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, படுத்தால் படுக்க முடியவில்லை. இன்றைக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் செல்லத்துரை. செண்பகனூரில் வீடு. இந்த மலையில் கோல்ஃப் ஆட வரும் பெரிய மனிதர்களுக்குப் பை தூக்கித் தூக்கி, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவன். பிறகு அதுவே தொழிலாயிற்று. ஊர் ஊராகப் போய்ப் போட்டியில் ஆடுவேன். என் தம்பி தங்கராஜ் எனக்குப் பை தூக்குவான். அவனும் பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவன்தான். ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து தூங்கிக்கொண்டே போவோம்.

இந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. அடித்த பந்து புதரில் போய்விட்டால் ஐந்து நிமிடம் தேடலாம். அதற்குள் கிடைக்காவிட்டால் அடித்த இடத்துக்கே திரும்பிப் போய், தண்டனையாக ஓர் அடி கூட்டிக்கொண்டு, வேறு பந்தை அடிக்க வேண்டும். அந்த ஓர் அடியில் போட்டியே போய்விடும்.

எண்பத்திரண்டில் இங்கே குறிஞ்சி பூத்ததே, அந்த வருஷம் பெங்களூரில் ஒரு போட்டி. கடைசி நாள் என் பந்து வேலிப் புதருக்குள் போயிற்று. நல்ல வெயில். முழங்காலில் விழுந்து, "ஆண்டவரே, பந்தைக் காட்டும்" என்று அழுதேன். "அண்ணே, இங்கன கெடக்கு" என்றான் தங்கராஜ். அந்தப் போட்டியில் ஜெயித்தேன். இங்கே வந்து சாட்சி சொன்னேன். நம் சபைப் போதகர் ஐயா அதைப் பிரசங்கத்திலும் சேர்த்துக்கொண்டார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் என்னை "பந்து மாமா" என்று கூப்பிட்டார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் நம் மலையிலேயே போட்டி. ஜெயித்தால் ஆட்டம் கற்றுக்கொடுக்கிற வேலை, மாதச் சம்பளத்தோடு நிரந்தரமாகக் கிடைக்கும் என்று பேச்சு. கடைசி நாள் நான்தான் முன்னால் இருந்தேன். மத்தியானம் மூடுபனி இறங்கிற்று, கூடவே தூறல். "ஆண்டவரே, இந்தப் பனியை விலக்கும்" என்று குழிக்குக் குழி கெஞ்சினேன். விலகவில்லை. கடைசிக்கு முந்தின குழிக்கு அடித்த பந்து காட்டோரத்தில் போய் மறைந்தது. தேடினோம். மறுபடி முழங்காலில் விழுந்தேன்.

"அண்ணே, கெடச்சிருச்சு. வெரசா வா."

போய்க் குனிந்தேன். பந்தில் நான் மையால் போடுகிற சிலுவை அடையாளம் இருந்தது. என் எல்லாப் பந்திலும் அது இருக்கும். சரிபார்க்கக் கையில் எடுத்தேன். பந்து காய்ந்திருந்தது. புல் நனைந்து கிடக்கிறது, என் முழங்கால் நனைந்திருக்கிறது, பந்தில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. உள்ளங்கையில் இளஞ்சூடு தட்டியது.

தங்கராஜின் கால்சட்டையில் ஒரு பாக்கெட்டுக்கு அடித்தையல் கிடையாது. என் மனைவி ரோஸி எத்தனையோ தடவை தைத்துத் தருகிறேன் என்று கேட்டும் கொடுத்ததில்லை. அது எங்கள் பழைய வித்தை. பெரிய மனிதர்களின் பந்து தொலைந்தால், மற்ற பாக்கெட்டிலிருந்து எடுத்து இதற்குள் விடுகிற வேறு பந்து கால் வழியே வழுக்கிப் புல்லில் விழும். அவருக்குச் சந்தோஷம், எங்களுக்கு இனாம். ரட்சிக்கப்பட்ட பிறகு நான் அதை விட்டுவிட்டேன். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

என்னோடு ஆடிய கல்கத்தாக்காரர், கிடைத்ததா என்று பனிக்குள்ளிருந்து கேட்டார். எனக்கு ஜெபம் வரவில்லை. "இது என் பந்து இல்லை" என்று மட்டும் வாயில் வந்தது. திரும்பி நடந்து வந்து வேறு பந்தை அடித்தேன். தோற்றேன்.

ஆட்டம் முடிந்ததும் தம்பியைக் கேட்டேன்.

"ஏலே, பெங்களூர்ல?"

"அங்கயும் நாந்தான்."

"ஏன்லே இப்படிச் செஞ்ச?"

"நீ முட்டி போட்டு அழுதுக்கிட்டு கெடக்க. அஞ்சு நிமிசந்தான் இருக்கு. கர்த்தரு வருவாரு வருவாருன்னு எத்தன நேரம்ணே பாத்துக்கிட்டு நிக்க?"

எல்லாரும் பார்க்க அவனை அறைந்துவிட்டேன். அவன் பையை மெதுவாக இறக்கி வைத்தான். அந்த வாரமே பெண்டாட்டி பிள்ளைகளோடு வடகவுஞ்சிக்கு, மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான்.

பெங்களூர்ப் போட்டிக்காரர்களுக்கு நடந்ததை எழுதி, கோப்பையைத் திருப்பி அனுப்பினேன். ஒரு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது என்று பதில் வந்தது. மறுபடி பை தூக்கினேன். அதுகூட எனக்கு வலிக்கவில்லை. "பந்து மாமா" என்று பிள்ளைகள் கூப்பிடும்போது வலித்தது. பெங்களூரில் வந்தது கர்த்தர் இல்லையென்றால், அதற்கு முன்னால் நான் கர்த்தர் என்று நினைத்ததெல்லாம் யார்? மழையோடு ஏரி வரைக்கும் நடப்பேன், திரும்பி வருவேன். ஆராதனையில் பாதியில் எழுந்து போனேன். பல பேர் பார்த்திருப்பீர்கள். வேலையையும் கோப்பையையும் கேட்கிற வாய் அடைத்துப்போயிற்று. "தம்பியைக் கொண்டு வாரும்" என்ற ஒன்றை மட்டும் கேட்டேன்.

இரண்டு தடவை வடகவுஞ்சிக்குப் போனேன். "அவுக பூண்டுக் காட்டுக்குப் போயிருக்காக" என்றாள் அவன் பெண்டாட்டி. அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. காபியைக் குடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே, உள்ளே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அடிச்சது என் தப்பும்மா. அந்த வித்தையச் சொல்லிக் குடுத்தவனும் நாந்தான். அவன்ட்டச் சொல்லிரு."

சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

போன பங்குனியில் ஒருநாள் வெள்ளனே கதவைத் தட்டினார்கள். தங்கராஜ் நின்றான். ஒரு கையில் பூண்டு, மறு கையில் சுருட்டிய கால்சட்டை. என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக ரோஸியிடம் போய் நீட்டினான்.

"மதினி, இந்தப் பாக்கெட்டத் தச்சுக் குடுங்க. ரெட்டத் தையலாப் போடுங்க."

ரோஸி கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தைத்தாள். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. விலக்கும் விலக்கும் என்று நான் கெஞ்சிய அந்தப் பனிதான் எனக்கு வந்த உதவி. வெயில் அடித்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஜெயித்திருப்பேன், வந்து இன்னொரு பொய்ச் சாட்சியும் சொல்லியிருப்பேன், தம்பியை அந்த வித்தையோடேயே விட்டிருப்பேன். கர்த்தர் புல்லை நனைத்து வைத்தார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

நீங்களும் அவரிடம் தைரியமாகக் கேளுங்கள். கிடைத்ததை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் பயப்படாதீர்கள்.

தண்டனை முடிந்து போன வாரம் நீலகிரியில் முதல் போட்டி. மூன்றாவது குழியிலேயே பந்து தேயிலைக்குள் போயிற்று. இரண்டு பேரும் செடி செடியாகத் தேடினோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. தங்கராஜ் நிமிர்ந்து, வெறுங்கையை விரித்துக் காட்டினான்.

"காணலண்ணே."

"ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொன்னேன். கூட ஆடியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அண்ணனும் தம்பியும் பையைத் தூக்கிக்கொண்டு, மறுபடி அடிக்கத் திரும்பி நடந்தோம்.