செங்கடலும் ஒரு ரப்பர்ச் சக்கரமும்

எங்கள் சல்லிக் கிராமத்துக் கரையில் புஸ்பராணி அக்காவிடம் அகப்பட்டால் லேசில் தப்ப முடியாது. மீன் வாங்கப் போன என்னை நிறுத்திவைத்து, ஐஸ் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று கேட்ட மனுசி அவர்.

அவருடைய படகைத் தம்பி சுலக்சன் ஓட்டுகிறான். ஆவணியில், எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர்ச் சக்கரம் கிழிந்துபோனது. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்தான். அது இல்லாமல் படகு மணலில் கிடந்தது. மாரி மழைக்காலம் பிறந்தால் கடலில் இறங்க முடியாது. அதற்குள் உழைத்தால்தான் தை வரை அடுப்பு எரியும்.

திருகோணமலை நகரத்தில் எஞ்சின் சாமான் விற்கும் நௌபரிடம் அக்கா போனார்.

"சக்கரம் இல்லை அக்கா. செங்கடல்ல கப்பலுக்கு அடிக்கிறாங்களெண்டு பயந்து, எல்லாம் ஆபிரிக்காவைச் சுத்திப் போகுது."

"ஜப்பான் சாமானுக்கும் செங்கடலுக்கும் என்ன தொடர்பு?"

"சுத்துப் பாதைக்கு நாள் கூட. கனக்கக் கப்பல் அங்க மாட்டுப்பட்டா, எங்கட பக்கம் ஓடக் கப்பல் குறையுது. கூலியும் ஏறுது."

"இஞ்ச உந்தப் பெரிய துறைமுகம் இருக்க, ஏன் கொழும்பில இறக்கிறாங்கள்?"

"இஞ்ச மாவும் சீமெந்தும்தான் இறங்கும். கொள்கலன் ஏத்திற பெட்டிக் கப்பல் கொழும்புக்குத்தான். சொல்லி வச்சிட்டுப் போங்கோ, வந்தா கோல் எடுக்கிறன்."

விளக்கம் கிடைத்ததில் அக்காவுக்கு முகமெல்லாம் புழுகம். சக்கரம் கிடைக்காததில் வயிற்றெரிச்சல். இன்னொன்றும் அவரை அரித்தது. நௌபரின் கடைக்குச் சக்கரம் இடையிடையே கொஞ்சம் வந்ததாம், வந்த அன்றே முடிந்ததாம். சல்லியில் வேறு எந்த எஞ்சினும் பழுதில்லை. அப்படியானால் வாங்கியது யார்?

விடை ஆயுத பூசையன்று கிடைத்தது. தொழில் சாமான்களை அம்மன் கோயிலில் கொண்டுவந்து வைப்பது எங்கள் வழமை. சாவிகள், வலை ஊசிகள், அவற்றோடு பை பிரிக்காத ரப்பர்ச் சக்கரங்கள், சந்தனப் பொட்டோடு! அலுமாரியில் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு, புதுச் சாமானைப் பூசையில் வைக்காமல் விட மட்டும் மனம் வரவில்லை. கோபத்தில் கண் கலங்கிய அக்கா, சக்கரம் ஒன்றை வைத்துவிட்டு நின்ற பக்கத்துப் படகுக்காரரைப் பிடித்தார்.

"கதிரவேல் அண்ணன், உங்கட எஞ்சின் நல்லாத்தானே ஓடுது? பிறகு ஏன் வாங்கினனீங்கள்?"

"தட்டுப்பாடு எண்டாங்கள். பயத்தில வாங்கினனான். நீ எத்தினை கடையில சொல்லி வச்சனீ?"

"மூண்டு கடையில."

"ஒரு எஞ்சினுக்கோ?"

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அந்த மூன்று கடையும் தனித்தனியாக ஒவ்வொரு சக்கரம் வேண்டும் என்றல்லவா கொழும்புக்குச் சொல்லியிருக்கும்? கரை முழுக்க அப்படிச் சொன்னால் விலை ஏறாமல் என்ன செய்யும்? செங்கடல் பாதி, நாங்கள் பாதி. எனக்கும் வெட்கமாக இருந்தது.

பூசை முடிந்ததும் கதிரவேல் தன் சக்கரத்தை எடுத்துச் சுலக்சனின் கையில் வைத்தார். மறுநாள் விடியவே படகு கடலில் இறங்கியது. அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

அடுத்த கிழமை நௌபர் அழைத்தார்.

"அக்கா, உங்கட சாமான் வந்திட்டுது."

"எனக்கு வேண்டாம் தம்பி. எஞ்சின் பழுதாகி நிக்கிற ஆளுக்குக் குடுங்கோ."

தொலைபேசியை வைத்தவர், உடனே திரும்பவும் எடுத்தார்.

"தம்பி, எத்தினை கடையில சொல்லி வச்சவர் எண்டு அந்த ஆளிட்ட ஒருக்காக் கேளுங்கோ."