தொட்டித் தண்ணீரும் மூன்று சதவீதமும்

பெற்றோர் வைத்த பெயர் அவனுடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவன் 'மறுபடியும்'தான். எந்தக் கணக்கு முடிந்தாலும் "மறுபடியும் ஒரு தடவ பார்த்துரலாம்" என்பான். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

புற்றுநோய்க் கட்டிக்கு எவ்வளவு கதிர் போக வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்வார். அந்த அளவு கூடாமல் குறையாமல் கட்டியில் போய் விழுகிறதா, பக்கத்து உறுப்பைச் சுடாமல் விடுகிறதா என்று கணக்குப் போட்டு, அளந்து, சரி சொல்வது அவன் வேலை. அவன் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவன்தான். லாரியில் மூட்டை ஏற்றும் அப்பாவுக்குத் தன் படிப்பைப் புரியவைக்க அவன் படாத பாடு பட்டான். அப்புறம் அப்பாவே சுருக்கமாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். "பையன் டாக்டரா?" என்று யார் கேட்டாலும், "டாக்டருக்கே கணக்குச் சொல்றவன்யா. அவன் சரின்னு சொன்னாத்தான் மெஷினே ஓடும்" என்பார். அதில் ஒரு துளிகூட மிகை கிடையாது. அதுதான் மகனுக்குப் பெருமை.

அன்று காலை அவன் சரி என்று சொல்லவில்லை. மெஷினும் ஓடவில்லை.

மாதாந்திர அளவு எடுக்கும் நாள். கதிர் மெஷினின் தலைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டியை வைத்து, பென்சில் பருமனுள்ள அளவியை அதற்குள் இறக்கி, கதிரைப் பாய்ச்சிப் பார்த்தான். இருக்க வேண்டியதைவிட மூன்று புள்ளி நான்கு சதவீதம் கூடுதல். இரண்டைத் தாண்டவே கூடாது. பராமரிப்புக்கு வந்திருந்த மெஷின் கம்பெனி எஞ்சினியர் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு தயாராக நின்றான்.

"பத்து நிமிஷ வேலை மாப்ள. கொஞ்சம் குறைச்சு வெச்சுட்டுக் கிளம்பறேன். மத்தியானம் எனக்கு வண்டி."

"இரு."

"நீ அளந்ததை நீயே நம்பலைன்னா, நான் எந்தச் சாமிகிட்ட போய்க் கேக்கறது?"

வெளியே, தொண்டையில் புற்றுக்கட்டி வந்த தையல்கார அம்மா நெடுநேரமாகக் காத்திருந்தார். பாதிச் சிகிச்சை முடிந்திருந்தது. பெரிய டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னப்பா, அளவு கூடுதல்னா குறைச்சுட்டு ஆரம்பிக்க வேண்டியதுதானே?"

"தப்பு மெஷின்லதானான்னு இன்னும் தெரியல மேடம். காலைல, தினமும் மெஷினைச் சோதிக்கிற அந்த அளவுத் தட்டை வெச்சுப் பார்த்தப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. தொட்டிதான் தப்புங்குது. ரெண்டு சாட்சி ரெண்டு கதை சொன்னா, எது பொய்னு தெரியாம தீர்ப்பு சொல்ல முடியாது."

"எவ்வளவு நேரம் வேணும்?"

"அரை மணி குடுங்க."

கேட்டுவிட்டானே தவிர, எங்கே தேடுவதென்று தெரியவில்லை. சரியாக இருக்கும் மெஷினைக் குறைத்து வைத்துவிட்டால், இன்று முதல் படுக்கும் ஒவ்வொருவருக்கும் கதிர் குறையும். அதை யாரும் உணர மாட்டார்கள். சாக வேண்டிய கட்டி அரை உயிரோடு கிடந்து, பிறகு தலைதூக்கும்.

மறுபடியும் அளந்தான். மூன்று புள்ளி மூன்று. மறுபடியும். மூன்று புள்ளி இரண்டு.

"பார்றா, நீ முறைக்கிற முறைப்புல மெஷினே பயந்து இறங்குது" என்றான் எஞ்சினியர்.

அவன் சிரிக்கவில்லை. தானாகப் படியிறங்கும் மெஷினை அவன் கண்டதில்லை. அப்படியென்றால் வேறு ஏதோ ஒன்று மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது. சட்டைக்கையை மடிக்கக்கூடத் தோன்றாமல் தொட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டான். சில்லென்றிருந்தது.

"அக்கா! இந்தத் தண்ணி எப்பப் புடிச்சது?"

மெஷினை இயக்கும் அக்கா எட்டிப் பார்த்தார். "காலைலதான் தம்பி. அடியில பாசியா இருந்துச்சேன்னு கொட்டிக் கழுவிட்டுப் புதுசா வெச்சேன். சுத்தமா இருக்கா?"

"ரொம்பச் சுத்தம்கா."

வழக்கமாகத் தொட்டியை முந்தைய நாளே நிரப்பிவிடுவார்கள். விடிவதற்குள் தண்ணீரும் அறையும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் அவன் சுவரிலிருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்தே கணக்கில் எழுதிக்கொள்வான். இன்றும் அதையேதான் எழுதியிருந்தான். குளிர்ந்த தண்ணீரில் அளவிக்குள் இருக்கும் காற்று நெருங்கி அடர்ந்திருக்கும், அதனால் அளவி கதிரைக் கூடுதலாகக் காட்டும். தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள்ளேயே விட்டான். அறையைவிடப் பத்து டிகிரி குறைவு. அதைப் போட்டு எல்லாக் கணக்கையும் புதிதாகப் பார்த்தான். மூன்று சதவீதம் போன இடம் தெரியவில்லை. தொட்டியும் தட்டும் ஒரே கதையைச் சொல்லின.

"அப்ப நான் கை வெச்சிருந்தா?" எஞ்சினியரின் குரல் இறங்கியிருந்தது.

"நல்லா இருந்த மெஷினைக் கெடுத்திருப்போம். நீயும் நானும் சேர்ந்துதான்."

எஞ்சினியர் மூடியை மாட்டித் திருகினான். "ஆக, மெஷின்ல ரிப்பேர் இல்ல. உனக்குத்தான் சளி புடிக்கப் போகுது."

டாக்டரம்மாவிடம் அவன் மூடி மறைக்கவில்லை. "மெஷின் சரியா இருக்கு மேடம். சுவத்தைப் பார்த்து எழுதினது என் தப்பு. இனிமே தண்ணியிலதான் பார்ப்பேன்."

"நல்லவேளை, கை வெக்கல. அந்தம்மாவை உள்ள அனுப்பு" என்றார் அவர்.

தையல்கார அம்மா உள்ளே வரும்போதே அவன் சட்டைக்கையைப் பார்த்துவிட்டார். "என்ன தம்பி, சொட்டச் சொட்ட நிக்கிறீங்க? பாத்திரம் கழுவ விட்டுட்டாங்களா?"

"மெஷினுக்குக் காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பார்த்தேன்மா."

"இருந்துச்சா?"

"இல்லம்மா. நல்லாருக்கு. தைரியமாப் போய்ப் படுங்க."

கனத்த கதவு மூடிக்கொண்டது. அக்கா பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தார். "என்ன தம்பி, மறுபடியும் ஒரு தடவையா?"

அவன் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தான்.

"வேண்டாம்கா. போடுங்க."