சீப்புக் கட்டடத்து மாடன்

மட்டாஞ்சேரியில் சீப்புக் கட்டடம் கண்ணில் படாமல் யாரும் கடைவீதிக்குப் போய்விட முடியாது. மிளகும் சுக்கும் விற்கிற தெருவில், ஓட்டுக்கூரைகளுக்கு நடுவே, யாரோ குத்திவைத்த மாதிரி நாலு மாடி உயரத்துக்கு நிற்கிறது. முன்பக்கம் முழுக்கக் கான்கிரீட் பற்கள். வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் என்று அப்படிக் கட்டினார்களாம். காற்று வரவில்லை, புறாதான் வந்தது. இப்போது அதைப் பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்து, வாசலில் பித்தளைத் தகடு அடித்திருக்கிறார்கள். தகட்டில் வரைபடம் போட்ட சாரின் பெயர் இருக்கிறது. என் சித்தி மகன் செல்லதுரையின் பெயர் இல்லை. அதனால் அவன் கதையை நான் சொல்கிறேன். எழுதுகிறவர்கள் குறைக்காமல் எழுதட்டும்.

செல்லதுரை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்தக் கட்டடத்துக்குக் கலவை சுமக்க வந்தவன். அப்போது மீசை கூட அரும்பவில்லை. கடைசிக் கூரைத் தட்டுக்குக் கான்கிரீட் போட்டு முடிக்கிற நேரம் வானம் கறுத்துவிட்டது. மழை விழுந்தால் தட்டு கெட்டுப் போகும், அத்தனை பேருடைய கூலியும் போகும். சுடலைமாடனைக் கூப்பிட்டான்: மழையை நிறுத்து, உனக்கு இங்கேயே ஓர் இடம் தருகிறேன். தனக்கே படுக்க இடம் இல்லாதவன் கொடுத்த வாக்கு அது. மழை எதிரே வில்லிங்டன் தீவில் கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் போய்விட்டது.

வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. மிச்சக் கலவையை வைத்து மொட்டைமாடி மூலையில், இடுப்பு உயரத்துக்கு, அடி பருத்து நுனி சிறுத்த பீடம் எழுப்பினான். எங்கள் ஊரில் மாடன் அப்படித்தான் நிற்பார். கண்ணும் மீசையும் வரைந்துவிட்டால் சாமி. வரையத்தான் ஆள் கிடைக்கவில்லை. வருகிறேன் என்று சொன்ன பெயின்டர் களமசேரியில் தொழிற்சாலை வேலைக்குப் போனான்; போனவன் போனவன்தான். மாடன் மொட்டை முகத்தோடேயே இருந்துவிட்டார்.

செல்லதுரைக்கு அந்தக் கட்டடத்திலேயே வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கீழே பம்பு அறையில் பேச்சியம்மாளோடு குடித்தனம். ஆடிக் கடைசி வெள்ளி வந்தால் பீடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பான், சுருட்டு கொளுத்தி வைப்பான், சேவல் அறுப்பான். அங்கே ஆபீஸ் வைத்திருந்த யாரும் மொட்டைமாடிக்கு ஏறியதில்லை. லிஃப்ட் கடைசியாக எப்போது ஓடியது என்று புறாவுக்குக் கூடத் தெரியாது.

போன வருஷம் பாரம்பரியக் குழுவிலிருந்து மாதுரி என்ற ஆர்க்கிடெக்ட் ஏறி வந்தாள். நல்ல பிள்ளை, வெயில் பார்க்காமல் உழைப்பாள். பிற்பாடு வைத்ததெல்லாம் போக வேண்டும் என்றாள்: தகரக் கொட்டகை, டிஷ், பேச்சியின் துணிக்கொடி. பீடத்திடம் வந்ததும் நின்றுவிட்டாள். பழைய சுண்ணாம்பை மழை கழுவிவிட்டிருந்தது. சுற்றிச் சுற்றி வந்தாள். செருப்பு மட்டும் இல்லாவிட்டால் பிரதட்சிணம் என்றே சொல்லலாம். அலங்காரம் துறந்த வடிவம், துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மௌனம் என்று என்னவோ சொல்லிப் படம் பிடித்தாள். சார் செய்த சிற்பம் என்று அவளே முடிவும் செய்தாள். இனி யாரும் தொடக்கூடாது, சுண்ணாம்பும் எண்ணெயும் படவே கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டிவிட்டுப் போனாள்.

ஆடி நெருங்கியது. செல்லதுரைக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், சாருக்குத் தெரியாமல் வைத்தது என்று இடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் மாடன் பட்டினி.

"ஊருக்கே காவல் நிக்க சாமி, ஒரு சுருட்டுக்கு வழியில்ல," என்றாள் பேச்சி. "எனக்குத் துணி காயப்போட வழியில்ல. நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு சங்கம் வைக்கோம்."

"சும்மா கெடட்டி," என்றான் அவன்.

தகடு அடிக்கிற அன்றைக்கு மாதுரி அவனைப் பீடத்திடம் கூட்டிப் போனாள். பேச்சியும், வேடிக்கை பார்க்க வந்திருந்த நானும் பின்னாலேயே ஏறினோம்.

"சேட்டா, அன்னிக்கு இருந்த ஆள் இப்ப நீங்க மட்டும்தான். இது சாரோட ஐடியா தன்னே, இல்லே?"

செல்லதுரை பீடத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஆமா மோளே. சாரு சொல்லித்தான் வச்சது. ஆனா அப்பிடியே விட்டுரக் கூடாதுன்னாரு. ஆடிக் கடைசி வெள்ளிக்குச் சுண்ணாம்பு அடிக்கணும், முன்னால ஒரு சுருட்டு கொளுத்தி வைக்கணும்."

"சுருட்டா?"

"அவருக்குச் சுருட்டுன்னா உசுரு."

உயிரோடு இருந்த காலத்தில் சாருக்குச் சாயாவில் ஆவி பறந்தாலே இருமல் வரும். மாதுரிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஆடிக்குச் சுண்ணாம்பைக் குழுவே வாங்கித் தந்தது. மாதுரி தன் கையாலேயே சுருட்டைப் பற்றவைத்து மாடன் முன்னால் வைத்தாள். குழு மொத்தமும் தலை குனிந்து நின்றது. பேச்சி குலவை போட்டாள். இது என்ன என்று ஒருவர் கேட்டார். எங்கள் பக்கம் பெரிய மனிதர்களுக்குச் செய்கிற மரியாதை என்று சொல்லிவைத்தேன். சேவலைப் பற்றிச் சொல்ல மட்டும் செல்லதுரைக்கு வாய் வரவில்லை. அது பம்பு அறையில் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மாதுரி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

எனக்கு ஒரே ஒரு குறை. சாரின் சிற்பம் என்று ஆகிவிட்டபிறகு இனி எந்தக் காலத்திலும் மாடனுக்குக் கண் வரைய முடியாது. இறங்கும்போது அதைச் சொன்னேன்.

"இருக்கட்டும்க்கா," என்றான் செல்லதுரை. "கண்ணத் தெறந்தாருன்னா மொதல்ல என்னையல்லா பாப்பாரு."