பொழுது சாயும்வரை ஒரு சக்தி

எங்கள் வீட்டில் இருந்த ஒரே கதைப் புத்தகத்தின் நாயகனுக்குப் பறக்கத் தெரியாது என்றுதான் ஏழு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் பக்கத்துக்குப் பக்கம் அவன் ஆகாயத்தில்தான் இருப்பான். கழுத்தில் முடிந்த சிவப்புத் துண்டு பின்னால் படபடக்க, மாடி வீடுகளுக்கு மேலே கைகளை நீட்டிக்கொண்டு குப்புறக் கிடப்பான். “அது பறக்கறது இல்ல பாப்பா. அன்னிக்கி ஒரு நாளைக்கி அவன் ஒடம்புல கனம் கெடையாது. காத்து தூக்கிக்கினு போவுது” என்பார் சித்தப்பா. சித்தப்பா சொன்னால் எனக்கு அது வேதவாக்கு.

அப்பாவின் தம்பி அவர். கரும்பு வெட்டும் நாட்களில் டிராக்டரில் லோடு ஏற்றப் போவார். மற்ற நாட்களில் எங்கள் ஊர் நைனார்பாளையத்தைச் சுற்றி யார் கூப்பிட்டாலும் அந்த வேலை. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கொட்டிக் கிடந்த பழைய புத்தகக் குவியலில் இருந்து, எனக்கு உதவும் பாடப் புத்தகம் என்று நினைத்து அதை வாங்கிவந்தார். படக்கதைப் புத்தகத்துக்கும் பாடப் புத்தகத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் என்பதில் நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். விழித்துக்கொள்ளவில்லை. அட்டையும் முதல் நாலு பக்கமும் கிழிந்து போயிருந்ததால் நாயகனின் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. ‘நம்மாளு’ என்று வைத்துக்கொண்டோம்.

சித்தப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாது. வேலையில்லாத மத்தியானங்களில் தன் டிரங்குப் பெட்டியில் இருந்து புத்தகத்தை எடுத்து, வேப்ப மரத்தடியில் என்னை உட்கார வைத்துக்கொண்டு, விரலை வரிவரியாக ஓட்டிக் கணீரென்று படிப்பார். பக்கம் முடிந்தால் விரலில் எச்சில் தொட்டுத் திருப்புவார். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட அவ்வளவு ஜோராகப் படித்து நான் கேட்டதில்லை.

நம்மாளுக்கு நிரந்தரமாக எந்தச் சக்தியும் கிடையாது. தினம் ஒன்று வரும், பொழுது சாய்ந்தால் தீர்ந்துபோகும். ஒரு நாள் கரும்புச் சோகை அவன் கையை அறுக்காது. ஒரு நாள் அவன் எட்டிப் பார்த்தாலே காயப்போட்ட துவரையில் காக்கா உட்காராது. அம்மாவுக்குப் பல்வலி வந்த நாளில், அடுத்தவர் பல்வலியை வாங்கித் தன் வாயில் வைத்துக்கொள்ளும் சக்தி வந்தது. பொழுது சாய்ந்ததும் வலியை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சித்தப்பா படித்ததும், அடுப்படியில் இருந்து அம்மா, “அத அவனே வெச்சிக்கட்டும்” என்றாள். இன்னொரு நாள், வரும் பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்பது பலகையைப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது. இதெல்லாம் ஒரு சக்தியா என்று அன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. சித்தப்பாவோ அந்தப் பக்கத்தை ரொம்ப ரசித்துப் படித்தார்.

ஒரே பக்கத்தை மறுநாள் படித்தால் வேறு சக்தி வரும். “நேத்து வேற சொன்னியே?” என்றால், “அது நேத்தையது. தீந்துபோச்சில்ல?” என்பார். பதில் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாம் வகுப்பில் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. வந்ததும் கை கால் நிற்கவில்லை. தீப்பெட்டி, உர மூட்டை, சுவர் விளம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஊருக்கே கேட்கும்படி படித்தேன். யாராவது ஓர் எழுத்தைத் தப்பாகச் சொன்னால் போதும், அவர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன். அரைக் குடம் தளும்பிய காலம் அது.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா அடிக்கடி மலைக்குப் போய்வர ஆரம்பித்தார். எங்கள் குடும்பமே கல்வராயன் மலையில் இருந்து கூலி வேலைக்காகக் கீழே இறங்கி வந்ததுதான். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஊரில் வாக்கப்பட்டு அங்கேயே இருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை அவளைப் பார்க்கப் போகிறவர், மாசத்துக்கு இரண்டு தடவை போனார். அத்தை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, பன்னிரண்டாவது வரை படித்த ஒரு பெண் இருந்தாள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதுவரை அவளிடம் சித்தப்பா பேசியது ஒரே ஒரு தடவை. அதுவும், “பலாப்பழம் கனமா இருக்குதுங்களா?” என்று கேட்டதுதான்.

அத்தை போய்ப் பேசினாள். அந்த வீட்டில் நிலபுலன் கேட்கவில்லை, நகை நட்டு கேட்கவில்லை. பெண் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். மாப்பிள்ளைக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கென்ன, எட்டாவது வரை படித்தவன் என்று அத்தை கண்ணிமைக்காமல் சொல்லிவிட்டு வந்தாள்.

பெண் பார்க்க அப்பா, அம்மா, சித்தப்பா, நான் நாலு பேரும் காலை பஸ்ஸில் மலை ஏறினோம். வழியில் படம் பார்ப்பதற்காக டிரங்குப் பெட்டியில் இருந்து புத்தகத்தை எடுத்துப் பாவாடை இடுப்பில் செருகியிருந்தேன். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியதால் வெளியே எடுக்கவே இல்லை. போய் இறங்கியதும் அத்தை முதல் காரியமாக சித்தப்பாவின் சட்டைப் பையில் ஒரு பேனாவைச் செருகினாள். “யாராச்சும் கேட்டா தலைய மட்டும் ஆட்டு. வாயத் தொறந்தின்னா எல்லாம் கெட்டுச்சு” என்றாள். சித்தப்பா அப்போதே தலையை ஆட்டிப் பழகினார். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பெண் வீட்டில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் கடுங்காப்பியும் கொடுத்தார்கள். பெண்ணின் அப்பா குறைவாகப் பேசுகிறவர். கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே, “எட்டாவதாமே தம்பி?” என்று கேட்டார். சித்தப்பா தலையை ஆட்டியதும் பெண்ணின் அப்பா, “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் கைநாட்டு. எம் பொண்ணு கேட்டது இது ஒண்ணுதான். அதுல ஏமாந்துடக் கூடாதுன்னு கேக்கறேன்” என்றார்.

அவர் சந்தேகப்படுகிறார் என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்க சித்தப்பா சூப்பரா படிப்பாரு!” என்று எழுந்து நின்று, இடுப்பில் இருந்து புத்தகத்தை உருவி நீட்டினேன். அத்தை என்னைப் பார்த்த பார்வைக்கு அன்று அர்த்தம் தெரியவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்துச் சித்தப்பாவின் வேட்டிக்குள் விட்டிருந்தேன்.

வேறு வழியில்லாமல் சித்தப்பா புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். வந்து வாய்த்த பக்கத்தில், ஓர் உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு பெண் நின்றிருந்தாள். கீழே இருந்து நம்மாளு கையை நீட்டியபடி மேலே வந்துகொண்டிருந்தான். சித்தப்பா விரலை எழுத்தில் வைத்தார். குரல் எப்போதும்போலக் கணீரென்று வந்தது.

“இந்தப் பொண்ணு ரொம்ப ஒசரத்துல இருக்கறா. பொறந்ததுல இருந்து அங்கயேதான் இருக்கறா. கீழ எறங்கி வர்றதுக்கு அவளுக்கு பயம். நம்மாளுக்கு இன்னிக்கி ஒரு சக்தி வந்திருக்குது. அவன் கையப் புடிச்சிக்கினா யாருக்கும் கால் நடுங்காது. அதான் ஏறி வர்றான். அவளுக்கு பயம் போவலன்னா இன்னா பண்ணுவான்? திரும்பிப் போயிடுவான். நாளைக்கி மறுபடி வருவான்.”

வீடே கேட்டுக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா உரித்த கிழங்கைக் கையிலேயே வைத்திருந்தார். உள்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றிருந்தாள். நானும் பெருமையாகச் சித்தப்பாவின் தோளில் சாய்ந்து பக்கத்தை எட்டிப் பார்த்தேன். பார்த்த கண் சும்மா இருக்குமா? தானாக எழுத்துக்கூட்டியது.

“சித்தப்பா, தப்பு! அப்பிடி போடல. ‘நகராதே பெண்ணே, உன் காலடியில் வெடிகுண்டு இருக்கிறது’ன்னு போட்டிருக்கு!”

அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் மூன்று நாள் கன்றிக் கிடந்தது. சித்தப்பா புத்தகத்தை மூடவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை. அவர் காது மடல் சிவந்து போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்று கூசவில்லை. வகுப்பில் சரியான விடை சொன்னவள்போல நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

“நீயே பாத்து சொல்லும்மா” என்றார் பெண்ணின் அப்பா.

அவள் வந்து சித்தப்பாவின் கையில் இருந்து புத்தகத்தை வாங்கினாள். அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தாள். அதில் இருந்ததே இரண்டு வரி. அதற்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

“சரியாத்தான் படிச்சாரு” என்றாள். “கடைசி வரிய மட்டும் உட்டுட்டாரு. ‘சக்தி பொழுது சாயற வரைக்கும்தான்’னு போட்டிருக்குது. அதுக்கப்புறம் அவ கால் நடுங்கினா இன்னா பண்ணுவான்னு போடல.”

சித்தப்பா அப்போதுதான் தலையைத் தூக்கினார். “அடுத்த பக்கத்துல இருக்கும்ங்க” என்றார்.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். பின்னே, பன்னிரண்டாவது படித்தவளுக்கே வெடிகுண்டு தெரியவில்லை என்றால் என்ன படிப்பு அது? அவள் என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். சாமை அறுத்த கொல்லையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. குனிந்து என் மூக்கைத் துடைத்துவிட்டு, ரகசியம்போலச் சொன்னாள். “அழாத. இன்னிக்கி சக்தி அந்த ஆளுக்கு இல்ல, ஒம் புத்தகத்துக்கு வந்திருக்குது. யாரு படிக்கிறாங்களோ, அவங்க மனசுல இருக்கறதுதான் எழுத்தா தெரியும். நீ வெடிகுண்ட நெனச்சிக்கினு பாத்துட்ட. பொழுது சாஞ்சதும் எடுத்துப் பாரு, பழையபடி ஆயிடும்.”

நம்மாளின் சட்டதிட்டம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற ஆச்சரியத்திலேயே அழுகை நின்றுவிட்டது. அந்தத் தை மாதம் அவள் எனக்குச் சித்தியானாள்.

போன வருஷம் சித்தி வீட்டு வாசலில் மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தபோது, ரொம்ப நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் ஏன் சித்தி விட்டுக்கொடுத்தீர்கள்? சித்தி கையை நிறுத்தவில்லை. “புத்தகத்துல இன்னா இருந்துச்சு? வெடிகுண்டுதான? அவரு படிச்சது நல்லா இருந்துச்சு” என்றாள். இன்னொரு கதிரை எடுத்து உரித்துக்கொண்டே, “கோவமும் இருந்துச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல. அதயும் சொல்லணும்ல” என்றாள்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று சாயங்காலம் கடைசி பஸ்ஸில் மலை இறங்கும்போது எனக்கு இருந்த கவலை சூரியனைப் பற்றி மட்டும்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து அது எப்போது மலைக்குப் பின்னால் போகும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அது மறைந்ததும் புத்தகத்தைப் பிரித்தேன். பஸ்ஸின் மங்கல் விளக்கில் எழுத்துக்கூட்டினேன். வெடிகுண்டு திரும்பி வந்திருந்தது. அந்தப் பெண் சொன்னது அப்படியே பலித்துவிட்டது.

“சித்தப்பா, சக்தி தீந்துபோச்சு! பாரு, வெடிகுண்டு வந்துடுச்சு.”

“எங்க?” என்றார் சித்தப்பா. மலையில் ஏறியதில் இருந்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. என் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தார். “இது இன்னா எழுத்து?”

“வெ.”

“இது?”

“டி.”

எனக்குப் புரிந்துவிட்டது. மத்தியானம் எல்லார் முன்னாலும் அவரைத் தப்பு என்று சொன்னேன் அல்லவா, அதனால் எனக்குப் பரீட்சை வைக்கிறார். விடுவேனா நான்? ஒன்றுகூடத் தவறாமல் டக் டக்கென்று சொன்னேன். ஒவ்வொன்று சொன்னதும் சட்டைப் பையில் இருந்த பேனாவால் உள்ளங்கையில் ஏதோ குறித்துக்கொண்டார். மார்க் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். முன் சீட்டில் இருந்த அப்பாவிடம், “எல்லாத்துக்கும் மார்க்கு!” என்று கத்தினேன். அப்பா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் ஸ்டாண்டு வந்தும் சித்தப்பா குனிந்து குறித்துக்கொண்டே இருந்தார். எத்தனை மார்க் என்று பார்க்க அவர் கையை இழுத்தேன். மார்க் இல்லை. நான் சொன்ன எழுத்துகள்தான் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ‘வெ’வுக்குக் கொம்பு தனியாக எங்கோ நின்றது.

“இன்னா சித்தப்பா, கோழி கெளறின மாதிரி எழுதியிருக்கற?”

“பஸ்ஸு ஆடுதில்ல பாப்பா” என்றார்.

ஆமாம், அதனால்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்க இறங்கிப் போய் ரொம்ப நேரமாகியிருந்தது.