முறுக்கு டின்னில் வந்த கப்படோக்கியா

என் அப்பாவை அரசாங்கத்திடம் காட்டிக்கொடுத்தபோது எனக்குப் பத்து வயது. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஒரு சாக்லேட்டைக்கூடக் காட்டவில்லை. நானாகவே போய்ச் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல், அப்பாவின் உயிரைக் காப்பாற்றியவள் நான்தான் என்று நான்கைந்து வருடம் பள்ளியில் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

எல்லாம் அத்தையின் தண்ணீர் வடிகட்டியில் தொடங்கியது. அப்பாவின் தங்கையான அத்தை, கோலாலம்பூர் பக்கம் ரவாங்கில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் வடிகட்டி விற்றார். ஈஜோக்கிலிருந்து ரவாங்வரை அவரிடம் அகப்படாத சொந்தக்காரர் கிடையாது. எங்கள் வீட்டிலேயே இரண்டு இருந்தன. ஒன்று தண்ணீருக்கு, இன்னொன்று அத்தையின் மனத்திருப்திக்கு. அந்த வருடம் விற்பனையில் முதலாவதாக வந்ததற்கு, நான்கு பேர் துருக்கி போய்வரும் பரிசு அத்தைக்குக் கிடைத்தது. அவர் வீட்டுக்காரரான மாமாவுக்கு விமானம் என்றாலே ஆகாது. ஆகவே அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் அத்தையோடு ஒட்டிக்கொண்டோம்.

அப்பா அப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் உரம் போடும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, புக்கிட் பெலிம்பிங்கில் சொந்த வீட்டுக்கு வந்திருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு லோரி நிறுத்துகிற அளவுக்கு நிலம் இருந்தது. பயணத்துக்கு முந்தின நாள் அப்பா அங்கே ஒரு ரம்புத்தான் கன்றை நட்டார். இருபது வருடத்துக்கும் மேலாக ஊரான் மரங்களுக்கு உரம் போட்டவர் தனக்கென்று நட்ட முதல் மரம். அதற்கு என்ன உரம் வைப்பது என்பதுதான் முடிவாகவில்லை. தோட்டத்து உரத்தில் ஒரு பிடியைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கடையில் விற்பதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மாவு, வெறும் மாவு" என்று வைத்துவிடுவார்.

துருக்கியில் கப்படோக்கியாவை முதலில் பார்த்தபோது எங்கள் நான்கு பேருக்குமே பேச்சு வரவில்லை. அத்தைக்கும் வரவில்லை என்பதிலிருந்து அந்த இடத்தின் பெருமையைத் தெரிந்துகொள்ளலாம். கண் போகும் தூரம்வரை கூம்பு கூம்பாகப் பாறைகள். சில வெள்ளை, சில வெளிர்மஞ்சள், சில சாயங்காலத்தில் ரோஜா நிறம். ஒவ்வொன்றிலும் கதவு, சன்னல், படிக்கட்டு. கட்டியவை அல்ல, குடைந்தவை. வீடு என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டுவது என்றுதான் எனக்குத் தெரியும். இவர்கள் வேண்டாததை எடுத்து எடுத்து வீட்டை வெளியே வரவழைத்திருந்தார்கள். சுவரிலேயே அலமாரி, தரையிலேயே சாப்பாட்டு மேசை, சுற்றிலும் பாறையிலேயே உட்காரும் திட்டு. எங்கள் தாத்தா காலம்வரை இவற்றில் குடும்பங்கள் இருந்தனவாம். நாங்கள் தங்கிய அறையும் குகைதான். குகை என்றால் வௌவால் இருக்கும் என்று முதல் நாள் இரவு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தவள் நான் ஒருத்திதான். வௌவால் வரவில்லை. வியர்வைதான் வந்தது.

அம்மா ஒவ்வொரு பாறை வீட்டையும் வாடகைக்கு எடுக்க வந்தவர்போலச் சோதித்தார். "பொகை எங்க போவும்? கேளுங்கலா" என்று அத்தையைக் குடைந்தார். ஆங்கிலம் பேசிய இளவயது வழிகாட்டி மேலே காட்டினார். பாறைக்குள்ளேயே ஒரு புகைபோக்கி, நேராக வானம்வரைக்கும்.

"பாத்தியா, நம்ம லயத்த கட்டுன வெள்ளக்காரனுக்கு இது தோணல" என்றார் அம்மா. அன்றைக்கு அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் அம்மாவிடம் பாஸாகிவிட்டார்கள்.

நிலத்தடி நகரத்துக்குப் போனபோது நான்தான் முதலில் இறங்குவேன் என்று அடம்பிடித்தேன். அடுக்கடுக்காகக் கீழே போகும் ஊர் அது. மாட்டுத் தொழுவம், சமையலறை, கிணறு, எதிரி வந்தால் உருட்டி அடைக்க ஆள் உயரக் கல் சக்கரம். இரண்டாவது வளைவில் கூரை என் தலையைத் தொட்டதும் வழிகாட்டியின் பெல்ட்டைப் பிடித்தவள், மேலே வரும்வரை விடவில்லை. அவர் ஒரு கையால் வரலாற்றைக் காட்டிக்கொண்டும், மறு கையால் தன் கால்சட்டையைக் காப்பாற்றிக்கொண்டும் வந்தார்.

இத்தனைக்கும் அப்பா வாயைத் திறக்கவில்லை. பார்த்தார், தலையாட்டினார், சுவரைத் தடவினார். அவ்வளவுதான். நான்காவது நாள் ஒரு பள்ளத்தாக்கின் ஓரத்தில் எங்களை நிறுத்தி, எதிர்ப்பாறையின் உச்சியில் வரிசை வரிசையாக இருந்த சின்னச் சன்னல்களை வழிகாட்டி காட்டினார். சுற்றிலும் சிவப்புச் சாயத்தில் பூவும் கோலமும்போல எழுதியிருந்தது. அவை புறாக்களுக்காகக் குடைந்த வீடுகள். உள்ளே கம்புகளும் மாடங்களும் இருக்குமாம். வருடத்துக்கு ஒருமுறை அடைப்பைத் திறந்து, சேர்ந்த எச்சத்தை வாரித் திராட்சைக்கும் பழமரங்களுக்கும் போடுவார்களாம்.

அத்தை மொழிபெயர்த்து முடிக்கவில்லை, அப்பா இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டார்.

"ஒரத்துக்கா? ஒரத்துக்காவா இத்தனையும்?"

"ஆமாண்ணா. எச்சத்துக்குத்தானாம்."

"ஒரு மரத்துக்கு எவ்ளோ போடுவாங்க? மழைக்கு முந்தியா, பிந்தியா? அப்டியே போடுவானா, மக்க வச்சா? கேளு, கேளு."

வழிகாட்டி பாவம். பேரரசர்களின் பெயர் கேட்டால் வரிசையாகச் சொல்லியிருப்பார். எச்சத்தின் அளவு கேட்டவர் அவர் வாழ்க்கையிலேயே அப்பா ஒருவர்தான்.

அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "சின்ன வயசுல ரெண்டு ரூம்பு லயத்துல ஒம்போது பேரு படுத்து எழுந்தோம். இங்க புறாவுக்குத் தலைக்கு ஒரு ரூம்பு. வாசல்ல கோலம் வேற. மரத்துக்குச் சோறு போடுறதுன்னா இப்டிலா போடணும்!" என்றார். பிறகு அம்மாவிடம் மெல்ல, "நம்ம கன்னுக்கு இதுதான்" என்றார்.

"ஆரம்பிச்சிட்டாரு" என்றார் அம்மா.

மறுநாள் காலை எல்லாரும் ஆள் ஏறிப் பறக்கும் பலூன்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம், அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கினார். ஒரு பெரியவர் வண்டியில் காய்ந்த ஆப்ரிகாட் விற்றுக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பா முதலில் மலாயில் கேட்டார், அதுவும் தெரியவில்லை. உடனே இரண்டு கைகளையும் சிறகுபோல அடித்து, "கூ கூ" என்று கத்தி, நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து, பின்பக்கத்திலிருந்து கையால் வாரி ஒரு மரத்துக்குப் போடுவதுபோல நடித்தார். நான் யாரோ வேறு குடும்பத்துப் பெண் என்பதுபோல நான்கு அடி தள்ளி நின்றேன். பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுத் தன் வீட்டுப் புறாக்கூண்டுக்குப் போனவர், ஒரு பிளாஸ்டிக் பை நிறைய, சாம்பல் நிறத்தில், காய்ந்து பொடியாக அதைக் கொண்டுவந்து கொடுத்தார். பதிலுக்கு அம்மா ஊரிலிருந்து செய்து கொண்டுவந்த நெத்திலிச் சம்பல் ஒரு புட்டி கைமாறியது. அது அம்மாவுக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது நாங்கள் நாடு மாறியிருந்தோம்.

அப்பா அதை விரலில் தேய்த்தார், முகர்ந்தார், கண்ணை மூடினார். மல்லிகைப்பூவைக்கூட அவர் அப்படி முகர்ந்து நான் பார்த்ததில்லை. அறையில், அம்மா முறுக்கு கொண்டுவந்த டின் காலியாகக் கிடந்தது. அதில் போட்டு அடைத்து, ஒட்டுநாடாவால் மூன்று சுற்று ஒட்டி, என் முதுகுப்பையின் அடியில் வைத்தார்.

"பாப்பா, யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட."

அதுவரை அப்பா என்னோடு மட்டும் வைத்துக்கொண்ட ரகசியம் எதுவும் இல்லை. இஸ்தான்புல்வரை எனக்குத் தலைகால் புரியவில்லை.

விமானம் கோலாலம்பூரில் இறங்கும்போதுதான் அந்த அறிவிப்பு கேட்டது. மூன்று மொழியில் சொன்னார்கள்: போதைப்பொருள் கடத்துவோருக்கு மரண தண்டனை. நான் குனிந்து காலடியில் இருந்த பையைப் பார்த்தேன். பொடி. மறைத்து வைத்த பொடி. யாரிடமும் சொல்லக்கூடாத பொடி. புறா, கூண்டு, பெரியவர் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த சாட்சி நான்தான். அந்த நிமிடம் அத்தனையும் எனக்கு மறந்துபோனது. அப்பாவைத் தூக்கில் போடப் போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. தொலைக்காட்சி நாடகங்களில், முதலில் ஒப்புக்கொள்பவனுக்குத் தண்டனை குறைவு.

சுங்க அதிகாரி எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போங்கள் என்று கையை ஆட்டினார். அத்தை போனார், அம்மா போனார், அப்பாவும் போய்விட்டார். நான் நின்றேன். "எஞ்சிக், ஆயா சாயா ஓராங் பாயிக்" என்றேன், பள்ளிக்கூட மலாயில். ஐயா, என் அப்பா நல்லவர். சொல்லிவிட்டு, பையைத் திறந்து டின்னை அவர் மேசைமேல் வைத்து, ஓவென்று அழுதேன்.

அப்பா திரும்பி வந்தார். "பை யாருடையது?" என்று அதிகாரி கேட்டார்.

"என்னோடது. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அப்பா.

நாடாவை அறுத்தார்கள். மூடி திறந்ததும் சீரகமும் புறாவும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. அதிகாரி முகத்தைச் சுளித்தார். அப்பா மலாயில் விளக்கினார்: பாறையைச் சொன்னார், சின்னச் சன்னல்களைச் சொன்னார், சிவப்புக் கோலத்தைச் சொன்னார், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கன்றைச் சொன்னார். கைகளைச் சிறகாக்கியும் காட்டினார். கேட்கக் கேட்க அதிகாரியின் முகம் மாறியது. அவர் சுங்கை புரோங் ஊர்க்காரர். அவருடைய அப்பாவுக்கு அங்கே நெல்வயல். உரத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில் எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஒரு சிட்டிகையை எடுத்து அப்பா தன் வலது கை விரல்களில் தேய்த்து அவருக்குக் காட்டினார். எவ்வளவு சத்து பாருங்கள், மாவு இல்லை இது.

"பாகுஸ்" என்றார் அதிகாரி. நல்ல சரக்குதான். பிறகு பெருமூச்சு விட்டு, "ஆனா விட முடியாது பாங். பறவை நோய் வரும். சட்டம் லா" என்றார், அப்பாவை அண்ணன் முறை வைத்து.

டின்னோடு குப்பைத் தொட்டியில் போட்டார்கள். அம்மா, "அந்த டின்னயாச்சும் குடுப்பாங்களா?" என்று கேட்டார். கொடுக்கவில்லை. கை கழுவும் இடம் அங்கே இருக்கிறது என்று அதிகாரி காட்டினார். "சரி எஞ்சிக்" என்ற அப்பா, வலது கையை இறுக மூடிக்கொண்டு அதைத் தாண்டி நடந்தார்.

மாமா வேனோடு வந்திருந்தார். அப்பா முன்னால் உட்கார்ந்தார். அந்த மூடிய கை மடிமேல் இருந்தது. பின்னால் இருந்து நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு விழப்போகும் குத்து என்பதில் சந்தேகமே இல்லை. வழியில் தேநீர் குடிக்க நிறுத்தினார்கள். அப்பா கிளாஸை இடது கையில் வாங்கினார்.

"என்னாங்க இது, எடது கையில? கழுவிட்டு வாங்களேன்" என்றார் அம்மா.

"வூட்டுல போயி."

இடது கையால் குடித்தார். ரொட்டி கொடுத்தபோது வேண்டாம் என்றார். சாப்பாட்டைக்கூட வெறுக்கிற அளவுக்கு என்மேல் கோபம் என்று நான் கணக்குப் போட்டேன். உயிரைக் காப்பாற்றியதற்கு இதுவா நன்றி என்று எனக்கும் கோபம் வந்தது. செம்பனைகள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா அவற்றைப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் நான் ஓடிப்போய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா உள்ளே வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். கன்றுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு வாளித் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டார். மூடிய கையைக் கன்றின் அடியில் நீட்டி, இடது கையால் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நகக்கண்களைக்கூட விடவில்லை. ஒரு சொட்டும் வெளியே போகாமல் தூரிலேயே விழும்படி பார்த்துக்கொண்டார்.

குத்து விழாது என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது. சன்னலைத் திறந்து தலையை நீட்டினேன்.

"அப்பா, உள்ள பைப்பு இருக்குல்ல? அம்மா சவுக்காரம்கூட எடுத்து வச்சிருக்காங்க!"